தற்செயலாகக் கண்ட ரத்தக்கட்டு: நீண்ட விண்வெளிப் பயணங்களில் எதைச் சோதிப்பது, முடிவை யார் முதலில் பார்ப்பது?

வைகறை எழுதியது:

2020 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஒரு நோயாளி அறிக்கையை முன்வைத்து இந்த இழையைத் தொடங்குகிறேன். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தங்கியிருந்த ஒருவருக்கு, பயணம் தொடங்கி ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கழிந்த நிலையில், இடது கழுத்தின் உட்சிரையில் ரத்தம் உறைந்து அடைத்திருப்பது அல்ட்ராசவுண்டில் தெரிந்தது. அவருக்குத் தலைவலியோ முகத்தில் மாற்றமோ வேறு எந்தத் தொல்லையோ இல்லை. அந்த ஸ்கேன் உடல்நலப் பரிசோதனைக்காக எடுக்கப்பட்டதும் அல்ல. எடையற்ற நிலையில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று அறிய நடந்த ஓர் ஆய்வின் பகுதியாக எடுக்கப்பட்டது. அந்த ஆய்வு நடக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

நிலையத்தின் மருந்துப் பெட்டியில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் எனாக்ஸாபரின் ஊசிமருந்து குறைந்த அளவே இருந்தது, சிரிஞ்சுகளும் அப்படியே. அங்கே குப்பியில் காற்றும் திரவமும் தாமாகப் பிரிந்து நிற்காது என்பதால், மருந்தை ஊசியில் ஏற்றுவதே நிதானமாகச் செய்ய வேண்டிய வேலையாக இருந்தது. ஒரு மாதம் போனதும் கையிருப்பு நீடிக்க வேண்டுமென்று அளவைக் குறைத்தார்கள். பிறகு சரக்குக் கலம் ஒன்றில் அபிக்ஸாபான் மாத்திரைகள் வந்து சேர்ந்தன. தரையிலிருந்து மருத்துவர்கள் சொல்லச் சொல்ல, விண்வெளியில் இருந்தவர்களே தொடர்ந்து ஸ்கேன் எடுத்து ரத்தக்கட்டியின் அளவைக் கவனித்தார்கள். தரையிறங்குவதற்கு 4 நாள்களுக்கு முன் மருந்து நிறுத்தப்பட்டது. பூமிக்கு வந்து 10 நாள்களில் கட்டி இருந்த தடமே இல்லை.

இது 400 கிலோமீட்டர் உயரத்தில் நடந்தது. சரக்குக் கலம் வரும், தேவைப்பட்டால் சில மணி நேரத்தில் இறங்கியும் விடலாம். 2026 ஜனவரியில் உறுப்பினர் ஒருவரின் உடல்நலக் காரணத்தால் நால்வர் குழு ஒன்று முன்கூட்டியே திரும்பியபோது அந்த நிலையத்தின் வரலாற்றில் அந்த வழி முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது. செவ்வாய்க்குப் புறப்பட்டவர்களுக்கு இந்த இரண்டுமே கிடையாது. ஆகவே நீண்ட பயணம் போகிறவர்களுக்கு, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், தலை முதல் கால் வரை குறித்த இடைவெளியில் ஸ்கேன் எடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செந்தாமரை எழுதியது:

நான் அன்றாடம் ஸ்கேன் அறையில் பணிபுரியும் கதிரியல் மருத்துவர். உங்கள் அக்கறையை மதிக்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை.

கழுத்துச் சிரையில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் செய்யும் முதல் வேலை, புரோபால் (உடல்மேல் வைத்துப் படமெடுக்கும் அல்ட்ராசவுண்டின் கைக்கருவி) மெல்ல அழுத்திப் பார்ப்பதுதான். நல்ல சிரை அழுத்தியவுடன் தட்டையாகிவிடும். உள்ளே கட்டி இருந்தால் அழுங்காது. படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு இது சில நொடி வேலை. எடையற்ற நிலையில் உடலின் திரவம் மேல்நோக்கி நகர்ந்து கழுத்துச் சிரை எந்நேரமும் விம்மியே நிற்கிறது. ரத்தம் மிக மெதுவாக ஓடும்போது திரையில் புகை சுழல்வதைப் போன்ற மங்கல் தெரியும். அனுபவமில்லாத கண்ணுக்கு அது கட்டியாகத் தோன்றக்கூடும். போதாக்குறைக்கு, புரோபை அழுத்தினால் அழுத்துகிறவரே பின்னால் மிதந்து போவார். கால்களை எங்காவது மாட்டிக்கொண்டுதான் ஸ்கேன் எடுக்க முடியும்.

வைகறை அவர்கள் சொன்ன நோயாளி இடம்பெற்ற அந்த ஆய்வு 2019-இல் வெளியானது. அதில் 11 பேரைச் சோதித்ததில் 6 பேருக்கு இடது கழுத்துச் சிரையில் ஓட்டம் தேங்கியோ எதிர்த்திசையில் திரும்பியோ இருந்தது. ஒருவருக்கு உறுதியான அடைப்பு. இன்னொருவருக்கு இருக்கலாம் என்ற ஐயம். அந்த ஆறு பேரில் எத்தனை பேருக்கு மருந்து கொடுப்பீர்கள்? ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர், பெரும் பாரத்துக்கு இணையான விசையோடு உடற்பயிற்சி செய்யும் இயந்திரத்தில் தலையை இடித்துக்கொண்டால், மண்டைக்குள் கசியும் ரத்தத்தை நிறுத்த அங்கே அறுவை அரங்கு இல்லை. கட்டியால் வரும் ஆபத்துக்கும் மருந்தால் வரும் ஆபத்துக்கும் இடையே எது பெரிது என்று சொல்லும் அளவுக்கு விண்வெளி அனுபவம் நமக்கு இல்லை.

தென் கொரியாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அறிகுறி இல்லாதவர்களுக்கும் தைராய்டு ஸ்கேன் பரவலாக எடுக்கத் தொடங்கியதும், 1993-க்கும் 2011-க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்பட்டவர்களின் விகிதம் 15 மடங்கானது. அந்த நோயால் இறந்தவர்களின் விகிதம் மாறவே இல்லை. தேடியதால் கிடைத்தது, கிடைத்ததால் அறுத்தார்கள், அறுத்ததன் பின்விளைவுகளோடு பலர் வாழ்கிறார்கள். மருத்துவமனைகள் நிறைந்த ஒரு நாட்டிலேயே இப்படி என்றால், நான்கு பேர் மட்டும் இருக்கும் கலத்தில் என்ன ஆகும்?

பொதிகை எழுதியது:

நடுவில் குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் சுனிதா வில்லியம்ஸின் ஒரு படத்தைப் பார்த்து அவர் மெலிந்துவிட்டார், உடல்நலம் குன்றிவிட்டது என்று செய்திகள் வந்தன. எடையே இல்லாத இடத்தில் ஒருவர் மெலிந்தாரா இல்லையா என்று எப்படி அறிகிறார்கள்?

வைகறை எழுதியது:

பொதிகை அவர்களுக்கு: அங்கே எடை இல்லை, நிறை இருக்கிறது. நிலையத்தில் ஒரு கருவி உண்டு. வீரர் அதன் நீண்ட கையைப் பிடித்து, உடல் அசையாதபடி தம்மைப் பொருத்திக்கொள்வார். உள்ளிருக்கும் ஸ்பிரிங் அளவறிந்த விசையோடு அவரை இழுக்கும். எவ்வளவு வேகமாக நகர்கிறார் என்பதைக் கொண்டு, நியூட்டனின் இரண்டாம் விதிப்படி நிறை கணக்கிடப்படும். 1973-இல் ஸ்கைலேப் நிலையத்தில் இதே வேலைக்கு, வீரரை அமர்த்தி முன்னும் பின்னும் ஆடவிட்டு அலைவின் காலத்தை அளக்கும் இருக்கை ஒன்று இருந்தது. சுனிதா அவர்கள் தாம் வந்தபோது இருந்த எடையிலேயே இருப்பதாகவும், திரவம் தலைப்பக்கம் நகர்வதால் தோற்றம் மாறித் தெரிவதாகவும் அப்போதே விளக்கினார். 286 நாள்கள் கழித்து 2025 மார்ச்சில் நலமாகத் திரும்பினார். முகம் உப்பி, கால்கள் மெலிந்து தெரிவது அங்குள்ள எல்லோருக்கும் பொது. படத்தை வைத்து நோய் சொன்னவர்கள் அவருடைய குடும்பத்தாரை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

மருத்துவர் செந்தாமரை அவர்களுக்கு: தைராய்டு எடுத்துக்காட்டு கனமானது. ஆனால் அளந்து பார்த்திராவிட்டால் இன்று நம்மிடம் இருக்கும் தற்காப்பு முறைகளும் இருந்திரா. எலும்பை எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பெலும்பின் தாது அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை குறைகிறது என்பது பயணத்துக்கு முன்னும் பின்னும் வரிசையாக அளந்ததால் தெரிந்தது. நிலையத்தில் முதலில் இருந்த எதிர்விசைப் பயிற்சிக் கருவி போதவில்லை என்பதும் அதே அளவீடுகளால்தான் வெளிப்பட்டது. 2008 இறுதியில் வெற்றிட உருளைகளால் இயங்கும் புதிய கருவி மேலே போனது. 270 கிலோ அளவுக்கு எதிர்விசை தரக்கூடியது. அதன் பிறகு சென்றவர்களின் எலும்பிழப்பு குறைந்தது.

கண்ணும் அப்படித்தான். நீண்ட நாள் தங்கிய ஏழு பேருக்குப் பார்வை நரம்பின் முனை வீங்குதல், கண்கோளத்தின் பின்புறம் தட்டையாதல் போன்ற மாற்றங்கள் இருந்ததை 2011-இல் ஓர் ஆய்வு தொகுத்துச் சொன்னது. இன்று நிலையத்திலேயே விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி. கருவி இருக்கிறது. பார்வை மாறினால் அணிந்துகொள்ள வேறு பவரில் கண்ணாடி கொடுத்து அனுப்புகிறார்கள். முதலில் சென்றவர்கள் தங்கள் உடலை அளக்க விட்டதால் பின்னால் போகிறவர்கள் பயனடைகிறார்கள்.

அலைவரிசை எழுதியது:

நான் தொலைத்தொடர்புப் பொறியாளன். மருத்துவம் தெரியாது, ஆனால் இந்த விவாதம் ஒரு செய்தியைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது.

இன்றைய ஸ்கேன் முறை முழுவதும் உரையாடலை நம்பியிருக்கிறது. 2004-இல் நிலையத்தில் மைக் ஃபிங்க், கெனாடி பதால்கா இருவரும் தோள்பட்டையை அல்ட்ராசவுண்டில் படம் பிடித்தார்கள். இருவருமே மருத்துவர்கள் அல்லர். தரையில் இருந்த வல்லுநர் நேரலையில் படத்தைப் பார்த்து, புரோபை எங்கே நகர்த்த வேண்டும், எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று சொல்லச் சொல்ல, அவர்கள் செய்தார்கள். குரல் போய்ச்சேரத் தாமதம் ஓரிரு நொடிகள்தான். கழுத்துக் கட்டியையும் இதே முறையில்தான் கண்காணித்தார்கள்.

செவ்வாய்க்கும் பூமிக்கும் இடையே செய்தி ஒருவழியாகப் போய்ச்சேர 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும். தொலைவு மிகுந்த நாள்களில் வீரர் ஒருமுறை புரோபை நகர்த்தி, அது சரியா என்று கேட்டு, பதில் வருவதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிடும். இரண்டாண்டுக்கு ஒருமுறை சூரியன் நடுவில் வரும்போது ஏறத்தாழ இரண்டு வாரம் தொடர்பே நம்பத்தக்கதாக இராது. ஆகவே தரையில் இருக்கும் மருத்துவர் அப்போது மருத்துவராக இருக்க முடியாது. கடிதம் எழுதும் ஆலோசகராக மட்டுமே இருக்க முடியும். எதைச் சோதிக்க வேண்டும் என்று பேசுவதற்கு முன், சோதனையின் முடிவை அங்கேயே வாசித்து அங்கேயே முடிவெடுக்க யாரால் இயலும் என்று கேட்க வேண்டும்.

கதிரியக்கத்தைப் பாருங்கள். கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குப் போகும் வழியில் எடுத்த அளவீடு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.8 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிரியக்கத்தை அளக்கும் அலகு). போகவும் வரவுமான பயணத்துக்கு மட்டுமே 660 மில்லிசீவர்ட் அளவில் வரும் என்று 2013-இல் மதிப்பிட்டார்கள். நாசா ஒருவரின் பணிக்காலம் முழுவதற்கும் வகுத்துள்ள வரம்பு 600. கலத்துக்குள் இருக்கும் அளவுமானி இந்த எண்ணை நாள்தோறும் காட்டிக்கொண்டே இருக்கும். சூரியப் புயல் வந்தால் ஒதுங்கிக்கொள்ள அது உதவும். மற்ற நாள்களில் அந்த எண்ணை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்?

செந்தாமரை எழுதியது:

அலைவரிசை ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். "கணினியே படத்தை வாசித்துவிடும்" என்று அடுத்து யாராவது எழுதக்கூடும். புரோபைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோக வழிகாட்டும் மென்பொருளை மனமார வரவேற்கிறேன். ஆனால் நோயைத் தீர்மானிக்கும் மென்பொருள் எதைப் பார்த்துக் கற்றிருக்கும்? பூமியில் படுத்தும் அமர்ந்தும் இருந்த லட்சக்கணக்கான உடல்களை. சுற்றுப்பாதைக்குச் சென்ற மனிதர்களின் தொகை இன்னும் ஆயிரத்தை எட்டவில்லை. அவர்களிலும் ஆறு மாதத்துக்கு மேல் தங்கியவர்கள் ஒரு பகுதியினரே, ஒரே பயணத்தில் ஓராண்டைத் தாண்டியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். ரத்த நீர்மத்தின் அளவு குறைந்து, உறுப்புகள் சற்று இடம் மாறி, சிரைகள் விம்மி நிற்கும் அந்த உடலுக்கு இயல்பு எது என்பதே இன்னும் முழுதாக வரையறுக்கப்படவில்லை.

முகில் எழுதியது:

இழையை முழுவதும் வாசித்தேன். சோதனையின் நுட்பம் பற்றி நிறையப் பேசியாயிற்று. சோதிக்கப்படுகிற மனிதரைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. விமானிகளின் மருத்துவத் தகுதிச் சான்று தொடர்பான அலுவலில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: விமானி மருத்துவரிடம் போகும்போது, நோய் குணமாக வேண்டும் என்ற எண்ணத்தோடு, பறக்கும் உரிமை போய்விடக் கூடாது என்ற அச்சமும் கூடவே போகும். விண்வெளியில் அந்த அச்சம் பல மடங்கு.

1985-இல் சோவியத்தின் சல்யூத்-7 விண்வெளி நிலையத்தின் தளபதி விளாதிமிர் வாஸ்யூத்தின் நோய்வாய்ப்பட்டார். தமக்கிருந்த தொல்லையைத் தொடக்கத்தில் அவர் தரையிடம் முழுமையாகச் சொல்லவில்லை என்று பின்னர் வெளிவந்த குறிப்புகள் கூறுகின்றன. காய்ச்சல் முற்றிய பிறகு, பல மாதங்களுக்குத் திட்டமிட்ட பயணத்தை நவம்பரிலேயே முடித்துக்கொண்டு மூவரும் இறங்கினார்கள். நோயைச் சொன்னால் தம்முடைய வாய்ப்போடு மற்ற இருவரின் வாய்ப்பும் போய்விடும் என்ற நிலையில் ஒருவர் மௌனமாக இருந்ததைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாண்டு கழித்து மிர் நிலையத்தில் இதற்கு மறுபக்கம் நடந்தது. அலெக்சாந்தர் லவேய்கினின் ஈசிஜியில் துடிப்பின் ஒழுங்கு பிசகியிருப்பதைத் தரை மருத்துவர்கள் கண்டார்கள். 1987 ஜூலையில், பயணத்தின் பாதியிலேயே அவரை இறக்கி, வேறொருவரை அவருடைய இடத்தில் அமர்த்தினார்கள். பின்னாளில் அவர் மறுபடியும் பறக்கத் தகுதியுள்ளவர் என்றே அறிவிக்கப்பட்டார். ஆனால் மறுமுறை விண்வெளிக்குப் போகவில்லை. மருத்துவர் செந்தாமரை அவர்கள் அஞ்சும் மிகைக் கண்டறிதல் ஒரு மனிதரின் வாழ்வில் எப்படி இறங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வை நான் அறியேன்.

இவை வீரர் மறைத்ததும், வீரருக்காகத் தரை முடிவெடுத்ததும். தரை மறைத்த நிகழ்வும் உண்டு. 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தில், நிலவிலிருந்து கிளம்பித் தாய்க்கலத்தோடு இணைந்த நேரத்தில் ஜேம்ஸ் இர்வினின் இதயத்துடிப்பு ஒழுங்கு தவறியதை ஹூஸ்டனில் இருந்த மருத்துவர்கள் திரையில் பார்த்தார்கள். குழுவினரிடம் அதை அப்போது சொல்லவில்லை. அவர் அங்கே தூய ஆக்சிஜனைச் சுவாசித்துக்கொண்டிருக்கிறார், எடையின்றி இருக்கிறார், தொடர் கண்காணிப்பிலும் இருக்கிறார், எனவே அதற்குமேல் செய்ய ஏதுமில்லை என்று கருதினார்கள். உடலில் பொட்டாசியம் குறைந்ததை ஒரு காரணமாகக் கொண்டு அடுத்த பயணத்தின் உணவை மாற்றினார்கள். 1973-இல் இர்வினுக்கு மாரடைப்பு வந்தது. 1991-இல் இதய நோயாலேயே இறந்தார். தம்முடைய குழுவில் ஒருவரின் நெஞ்சு தடுமாறுவதைத் தளபதி அறியாமலே அடுத்த வேலைகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இப்போது நிலையத்தில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை தங்கள் மருத்துவரோடு தனிப்பட்ட இணைப்பில் பேசுகிறார்கள். அதை வேறு யாரும் கேட்க முடியாது. உளநல மருத்துவரோடும் அப்படியே. இந்தத் தனிமைதான் உண்மையைப் பேச வைக்கிறது. அலைவரிசை அவர்கள் சொன்ன தாமதம் வந்துவிட்டால் இந்த உரையாடல் இல்லாமல் போகும். அதன் இடத்தில் கலத்திலேயே இருக்கும் மருத்துவர் வருவார். அவர் பக்கத்துப் படுக்கையில் உறங்குகிறவர், ஒரே மேசையில் உண்கிறவர், ஒருவேளை தம்மோடு மனத்தாங்கல் உள்ளவர். இரண்டரை ஆண்டுகள் அவரிடம் எதை ஒளிக்காமல் சொல்ல முடியும்?

பொதிகை எழுதியது:

மருத்துவரே வீரராகவும் இருந்த பயணங்கள் உண்டல்லவா? அங்கே என்ன நடந்தது?

முகில் எழுதியது:

உண்டு. மிர் நிலையத்தில் 1994 ஜனவரி முதல் 1995 மார்ச் வரை 437 நாள்கள் தொடர்ந்து தங்கிய வலேரி பொல்யாக்கோவ் மருத்துவர். ஒரே பயணத்தில் அதிக நாள் தங்கியவர் இன்றளவும் அவரே. அவ்வளவு நீண்ட காலத்துக்குப் பிறகும் மனிதனால் செவ்வாயில் இறங்கி இயங்க முடியுமா என்று பார்ப்பதே அந்தப் பயணத்தின் நோக்கம். கசகஸ்தானில் இறங்கியதும், வழக்கப்படி தம்மைத் தூக்கிச் செல்லவிடாமல், கலத்திலிருந்து அருகிலிருந்த நாற்காலிக்குத் தாமே நடந்து போனார். தம் உடலை அவர் தாமே அறிந்து கவனித்தவர். அறிந்தவர் கையில் அளவீடு இருந்தால் அது அச்சமாக மாறுவதில்லை என்பது என் எண்ணம்.

வைகறை எழுதியது:

மூவர் எழுதியதையும் வைத்துப் பார்த்து, தொடக்கத்தில் சொன்னதைக் குறுக்கிச் சொல்கிறேன். தலை முதல் கால் வரை என்பதை விட்டுவிடுவோம். கலத்தில் இருக்கும் மருந்தாலோ பயிற்சியாலோ உணவாலோ மாற்றக்கூடியதை மட்டும் கட்டாயமாகச் சோதிப்போம். கழுத்துச் சிரை, கண், சிறுநீரகக் கல், தூக்கம் என்ற நான்கும் அந்தப் பட்டியலில் வரும். எலும்பிலிருந்து வெளியேறும் கால்சியத்தால் கல் உண்டாகும் வாய்ப்பு கூடுகிறது. தண்ணீர் அதிகம் குடிக்கச் செய்தே அதைக் குறைக்கலாம். தூக்கத்தைச் சேர்ப்பதற்குக் காரணம், நிலையத்தில் இருப்பவர்கள் இரவில் ஆறு மணி நேரமே உறங்குகிறார்கள் என்றும், நான்கில் மூவர் தூக்க மருந்து எடுத்திருக்கிறார்கள் என்றும் 2014-இல் வெளியான ஆய்வு. களைத்தவர் செய்யும் பிழை நால்வரின் உயிரையும் தொடும். மற்ற அளவீடுகள் அடுத்த தலைமுறைக்கான ஆராய்ச்சி என்று வெளிப்படையாகப் பெயரிட்டு, வீரரின் இசைவோடு மட்டும் எடுக்கப்படட்டும்.

முடிவை முதலில் பார்க்க வேண்டியவர் அந்த உடலுக்கு உரியவர். அடுத்துக் கலத்தின் மருத்துவர். பிறகே தரை. தளபதிக்கு, இன்று இந்த வேலையை இவர் செய்யலாமா கூடாதா என்ற விடை மட்டும் போதும். நோயின் பெயர் வேண்டியதில்லை.

செந்தாமரை எழுதியது:

பட்டியலை ஏற்கிறேன். முடிவைப் பார்க்கும் வரிசையை இப்போதைக்கு ஒத்துக்கொள்ளலாம். தளபதி பற்றிய பகுதியில் எனக்கு ஐயம் இருக்கிறது: நான்கு பேர் உள்ள கலத்தில், ஒருவர் ஊசி போட்டுக்கொள்வதை மற்ற மூவரும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். அங்கே ரகசியம் சில நாள்களுக்கு மேல் நிற்காது. ஆகவே எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதைப் புறப்படுவதற்கு முன்பே நால்வரும் உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. "கலத்தில் இருக்கும் மருந்தால் மாற்றக்கூடியதை மட்டும்" என்று எழுதினீர்கள். அந்த மருந்து எவ்வளவு காலம் மருந்தாக இருக்கும்? 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, நிலையத்தின் மருந்துப் பட்டியலில் காலாவதித் தகவல் கிடைத்த 91 மருந்துகளில் 54, மூன்றாண்டுக்குள் காலாவதியாகிவிடும் என்று கணக்கிட்டது. வலிநிவாரணிகள், நுண்ணுயிர்க்கொல்லிகள், ஒவ்வாமை மருந்துகள், தூக்க மருந்துகள் என்று அன்றாடம் தேவைப்படும் பலவும் அதில் அடக்கம். போகும் வழியில் கழுத்துச் சிரையைச் சோதிப்பதும், திரும்பும் வழியில், கையில் இருக்கும் ஊசிமருந்தின் தேதி கடந்துபோன பிறகு சோதிப்பதும் ஒரே முடிவுக்கு இட்டுச்செல்லா. உங்கள் பட்டியலில் ஒவ்வொரு சோதனைக்கும் எதிரே, அதற்குரிய மருந்தின் காலாவதித் தேதியையும் எழுதிப் பாருங்கள். மூன்றாம் ஆண்டில் எத்தனை வரிகள் மிஞ்சுகின்றன என்று பார்த்துவிட்டு மேலே பேசுவோம்.